அப்பா என்ன பண்ணுதாரு?

அவருடைய பாராட்டு விழா மலருக்கு எழுதித் தரும்படி கேட்டு இரண்டு பேர் என் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, கையில் பழக்கூடை. "அவரோட நூலகத்துல படிச்சு வளந்தவங்க நீங்க. நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, நாலு நல்ல வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அது ஒன்று. அவருடைய நூலகத்தில் எந்தப் புத்தகமும் கிழிந்து நான் பார்த்ததில்லை, அது இன்னொன்று. யாராவது எடுத்தால்தானே கிழிவதற்கு? மூன்றாவது கிடைக்கவில்லை. பழக்கூடையை ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டேன். இது மலருக்காக எழுதுவது அல்ல. அவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் இதிலிருந்தும் இரண்டு வரியை நறுக்கி எடுத்து மலரில் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஆட்கள் அவர்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய நூலகம் அது. ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையில், தாராளமான முன்வாசலும் இறுக்கமான உள்வாசலும் கொண்ட கட்டடம். முன்வாசல் தாண்டிச் செய்தித்தாள் படிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். உள்ளே புத்தக அலமாரிகளுக்கும் நமக்கும் நடுவில் இடுப்பளவு மரத்தட்டி ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் அவர். ஊரில் அவரை எல்லோரும் எண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். எண் போடுகிற அண்ணாச்சி என்று அர்த்தம். யார் முதலில் வைத்த பெயரோ தெரியாது, அம்பையில் இப்படிப் பெயர் வைப்பதற்கு ஆளுக்கா பஞ்சம்? அவருக்கு அந்தப் பெயர் தெரியும். பட்டம் என்றே நினைத்துக்கொண்டார்.

நான் எட்டாவது படிக்கும்போது உறுப்பினராகச் சேரப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு துப்பறியும் கதை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாதிக் கதை சொல்லி, கொலை செய்தவன் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அந்த ஆத்திரத்தில்தான் போனேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எந்த ஊருட்டி?"

சொன்னேன். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்.

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அப்பா என்ன பண்ணுதாரு?"

"வயலுக்குத் தண்ணி பாய்ச்சுதாரு."

"சொந்த வயலா?"

"இல்ல சார். ஊர் வயலுக்கு."

"அம்மா?"

"கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போவாங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ போட்டு, நடுநடுவே முக்காற்புள்ளி வைத்து, ஒரு நீளமான கோவையை என் அட்டையின் தலையில் எழுதினார். பேரைக் கடைசியில்தான் கேட்டார். பிறகு எழுந்து போய் ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். நெற்பயிரைத் தாக்கும் குருத்துப்பூச்சி பற்றிய புத்தகம். படம் போட்டது.

"சார், எனக்குக் கதைப் புத்தகம்."

"இதுதாம்ட்டி ஒனக்குள்ளது. கொண்டுட்டுப் போயி அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டு."

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பூச்சி அடிக்கது மொதலாளி பாடுலா. நமக்கு என்ன இதுல?" என்றார்.

எண்ணாச்சி செய்த காரியத்தின் லட்சணம் புரிய வேண்டும் என்றால், அவர் யாருடைய பெயரைச் சொல்லி அதைச் செய்தார் என்று தெரிய வேண்டும். நம் நாட்டில் நூலகத் துறைக்கு அடித்தளம் போட்ட பெரியவர் ஒருவர் உண்டு. தமிழ்நாட்டுக்காரர். துறையில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்பதை ஒரே சொல்லில் அடக்கி ஒரே மூலையில் போடாமல், அதைப் பல முகங்களாகப் பிரித்துக் காட்டியவர் அவர். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு வரும் நோய் பற்றி ஒரு புத்தகம் என்றால், நெல் ஒரு முகம், நோய் ஒரு முகம், ஊர் ஒரு முகம், காலம் ஒரு முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டு முக்காற்புள்ளியும் மற்றக் குறிகளும் வைத்துக் கோத்துவிட்டால், நோயைத் தேடி வருகிறவரும் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடிப்பார், ஆற்றைத் தேடி வருகிறவரும் கண்டுபிடிப்பார். அலமாரியைப் பூட்டாதே, வருகிறவரை உள்ளே விடு என்று சொன்னவரும் அவர்தான். படிக்க வருகிற எவருக்கும் அவர் தேடுகிற புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்பது அவர் போட்ட விதிகளில் ஒன்று. இதையெல்லாம் நான் பிற்பாடு படித்தபோது, இப்படியும் ஒரு மனிதர் இருந்தாரா என்று கண் கலங்கினேன். பொய் சொல்லவில்லை.

நம் எண்ணாச்சிக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் அந்தப் பெரியவரிடம் நேரடியாகப் படித்தவராம். அதனால் எண்ணாச்சி தன்னைப் பெரியவரின் பேரன் என்று சொல்லிக்கொள்வார். "நான் அவருக்குப் பேரன் முறை" என்பார், ஏதோ கொள்வினை கொடுப்பினை இருந்ததுபோல. பேரன் செய்த வேலை என்ன? தாத்தா புத்தகத்தைப் பிரித்தார், பேரன் ஆளைப் பிரித்தார். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே போக வழி வைத்தவரின் முறையை எடுத்து, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெளியே நிறுத்துவதற்கு வழி கண்டுபிடித்தார். அதற்கு 'வாசகர் பகுப்பு' என்று பெயர். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் என்று பெரியவர் சொன்னதற்கு, உனக்கு உரியதைத் தாண்டிக் கை நீட்டாதே என்று பொருள் எடுத்துக்கொண்டார். குரங்கு கையில் பூமாலை என்று சொன்னால் குரங்கு கோபித்துக்கொள்ளும். குரங்கு மாலையைப் பிய்த்துத்தான் போடும், அதைக் கொண்டு யாரையும் கட்டிப் போடாது.

அவரிடம் கேட்டால் மார்பைத் தட்டிக்கொண்டு சொல்வார், "நான் யாருகிட்டயும் சாதி கேக்க மாட்டேன். கேட்டதே கிடையாது." நிஜம்தான். ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், அப்பன் தொழிலைக் கேட்பார். திருநெல்வேலிச் சீமையில் இந்த மூன்றும் தெரிந்த பிறகு நாலாவதாக ஒன்றைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வகைப்படுத்துவது அவருக்கு மூச்சு மாதிரி. நூலக வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் தாறுமாறாகக் கிடப்பதைப் பொறுக்காமல், ஒருநாள் தோல், ரப்பர், பெண்கள், ஆண்கள், தேய்ந்தது, தேயாதது என்று தனித்தனியாக அடுக்கச் சொன்னார். அடுக்கின ஆள் ஜோடியைக் கவனிக்கவில்லை. தேய்ந்த இடது கால் ஓரிடத்தில், தேயாத வலது கால் ஓரிடத்தில். சாயங்காலம் வாசலில் ஒரே களேபரம். வீரவநல்லூரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இரண்டு இடது கால் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார். "ஜோடி பிரிஞ்சா பிரியட்டும் வே, இனம் பிரியாம இருக்கணும்லா" என்றார் எண்ணாச்சி. அது வேடிக்கைப் பேச்சு அல்ல. அவர் வேடிக்கை பேசி நான் கேட்டதில்லை.

துட்டி வீட்டுக்குப் போனாலும் அதே புத்திதான். எங்கள் கணக்கு வாத்தியார் இறந்தபோது மாலையோடு வந்தவர், அழுதுகொண்டிருந்த மகனைத் தோளில் தட்டி, "என்ன சீக்கு? நெஞ்சா, மூளையா?" என்று கேட்டார். "நெஞ்சு" என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஒரு சாவை அதன் தட்டில் வைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

ஆகஸ்டு மாதம் நூலகர் தினம் வரும். பெரியவரின் பிறந்தநாளை ஒட்டிக் கொண்டாடுவது. பேரன் விடுவாரா? பெரியவர் படத்துக்கு ரோஜா மாலை, குத்துவிளக்கு, சுண்டல், தலைமை உரை. அன்றைக்கு நூலகம் கிடையாது. வாசலில் 'நூலகர் தினத்தை முன்னிட்டு விடுமுறை' என்று அவருடைய முத்தான கையெழுத்தில் அட்டை தொங்கும். அந்த ஒருநாளில் பெரியவர் நிஜமாகவே எழுந்து வந்திருந்தாலும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பித்தான் போயிருப்பார். உள்ளே போயிருந்தால் இன்னும் மோசம். அப்பா என்ன பண்ணுதாரு என்று கேட்டிருப்பார் பேரன்.

சிரிப்பு வருகிற மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். முத்துலட்சுமியைப் பற்றி எழுதும்போது எனக்குச் சிரிப்பு வராது. அவள் என் வகுப்பு. அவளுடைய அப்பா தெரு முனையில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். அவளுக்கு உடம்பைப் பற்றிப் படிக்கப் பைத்தியம். இதயத்துக்கு எத்தனை அறை, ரத்தம் எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வரும் என்று மண்ணில் குச்சியால் படம் போட்டு எனக்கு விளக்குவாள். மனித உடல் பற்றிப் படம் போட்ட பெரிய புத்தகம் ஒன்று அந்த நூலகத்தில் இருந்தது. மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாலே அதன் சிவப்பு முதுகு தெரியும். அதைக் கேட்டுத்தான் அவள் உறுப்பினராகச் சேர்ந்தாள். எண்ணாச்சி கேள்விகளைக் கேட்டு, கோவையைப் போட்டு, உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தார். துணியில் படியும் கறைகளை நீக்குவது எப்படி என்ற புத்தகம்.

அவள் முதலில் சிரித்தாள். "சார், அந்தச் சேப்பு அட்டைப் புஸ்தகம்" என்று கை காட்டினாள்.

"அது டாக்டர் வீட்டுப் பிள்ளைங்க வந்து கேட்டா குடுக்கணும்லா? அப்பம் இல்லன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நான் படிச்சிட்டு நாளைக்கே கொண்டாந்துருவேன் சார்."

"கோபப்படாத. ஒனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஒனக்குள்ளத நீ படிச்சா, அதுல நீதான் ராணி."

அவர் கத்தவில்லை, விரட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு தகப்பன் மாதிரி, பைய, தன்மையாகச் சொன்னார். முத்துலட்சுமி கறைப் புத்தகத்தை மரத்தட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். அவர்தான் நிறுத்தினார் என்று நான் சொல்லவில்லை, வீட்டில் ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் இன்றைக்கு அவள் பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், காய்கறி வாங்கிக்கொண்டு என் கல்லூரி வழியாகத்தான் போகிறாள், உள்ளே வாடி, என் நூலகத்தைப் பார் என்று கூப்பிட்டால் கேட்டிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள். "எனக்கு எதுக்குட்டி அதெல்லாம்" என்பாள். இதை மலரில் போடுவார்களா?

என் கதை வேறு விதமாகப் போனது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், நூலகத்துக்குள் போனேன். தட்டி இல்லை. மேஜையில் இருந்த அம்மாள் பேரை மட்டும் எழுதிக்கொண்டு, "போம்மா, உள்ள போயிப் பாரு" என்றாள். எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு அலமாரிக்கு நடுவில் வெகுநேரம் நின்றேன். யாரோ வந்து கூப்பிடுவார்கள், அப்பா என்ன பண்ணுதாரு என்று கேட்பார்கள் என்றே காத்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஒரு துப்பறியும் நாவலை எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன். மட்டமான கதை. பாதியிலேயே கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நூலகர் வேலைக்குத்தான் படிக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இந்த இடைக்காலத்தில் எண்ணாச்சி பெரிய ஆளாகிவிட்டார். வாசகர் பகுப்பைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் எவருக்கும் குருத்துப்பூச்சிப் புத்தகம் கிடைத்திருக்காது. அது கிடைக்க வேண்டிய வீட்டில் பிறந்தவர்கள் இல்லை அவர்கள். பெரியவர் பாதியில் விட்டதைப் பேரன் முடித்துவைத்தார் என்று ஒருவர் பேசினார். சால்வைமேல் சால்வை. வந்த சால்வைகளைப் பட்டு, பருத்தி, கலப்படம் என்று பிரித்து அடுக்கிவைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நம்பினேன்.

பிறகு ஓய்வு பெற்றார். அதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒருநாள் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். முதல்வர் நல்ல மனுஷி. புதிதாக எது வந்தாலும் நம் கல்லூரிக்கு முதலில் வர வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் அதிகம். கங்கைகொண்டானில் கம்பெனி நடத்தும் கார்த்திக் என்ற இளைஞர், வாசகர் பகுப்பைச் செயலியாகச் செய்திருக்கிறாராம். மாணவி தன் விவரங்களைப் போட்டால், அவளுக்கு உரிய புத்தகங்களின் பட்டியல் திரையில் வருமாம். மற்றவை வராதாம். குழப்பம் மிச்சம், நேரம் மிச்சம். நூலகக் குழு ஒப்புக்கொண்டால் அடுத்த பருவத்திலிருந்தே தொடங்கிவிடலாம். அறிமுகம் செய்துவைக்க அதைக் கண்டுபிடித்தவரே வருகிறார்.

என் கல்லூரியில் படிக்கிற பெண்களில் பாதிப்பேர் நாங்குநேரிப் பக்கமிருந்தும் மணிமுத்தாறு மேட்டிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான். பீடி சுற்றுகிறவர் மகள், செங்கல் சூளைக்காரர் மகள், தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர் மகள். என் அலமாரிகளுக்கு நடுவில் அவர்கள் இஷ்டத்துக்குச் சுற்றுவார்கள். வேதியியல் படிக்கிறவள் சோழர் வரலாற்றைக் கொண்டுபோவாள். இனி அவர்கள் முன்னால் ஒரு திரை வந்து, உனக்குள்ளது இதுதாம்ட்டி என்று சொல்லப் போகிறது. அம்பையில் இருந்த அந்த மரத்தட்டிக்கு மேலாகவாவது ஒருத்தி எட்டிப் பார்க்கலாம். திரை காட்டாத புத்தகத்தை அவள் எப்படிக் கேட்பாள்? நான் வேண்டாம் என்று முதல்வரிடம் சொன்னேன். "ஒருதடவை பார்த்துட்டுப் பேசுவோமே" என்றார்.

நூலகக் குழுக் கூட்டத்துக்கு எண்ணாச்சி வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. உடம்பில் வேறு மாற்றம் இல்லை. என்னைக் காட்டி, "இவங்க எங்க நூலகர். உங்க ஊர்ப் பக்கம்தான்" என்றார் முதல்வர். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"பேரு ஞாபகம் வரல. எண்ணு ஞாபகம் இருக்கு. கன்னடியன் கால்வாய்ப் பக்கம். அப்பா தண்ணி பாய்ச்சுதவரு. அம்மா கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவுத வேலை. சரிதானா?"

குழுவில் இருந்த எல்லோரும் ஆச்சரியப்பட்டுச் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகியது. என் அப்பா அம்மா வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முப்பது வருஷம் கழித்து ஒரு மனிதனுக்கு என்னைப் பற்றி ஞாபகம் இருப்பது அது ஒன்றுதானா? அவர் அதோடு விடவில்லை. "பாத்தீகளா, நம்ம பகுப்புல வந்த பிள்ள. இன்னைக்கு நூலகரா உக்காந்திருக்கு. முறை சரியா இருந்தா ஆளு தன்னால வரும்" என்றார். கூசாமல் சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கார்த்திக் திரையைப் போட்டார். ஊர், தெரு, தந்தை தொழில், தாய் தொழில், படிப்பு என்று கட்டம் கட்டமாக வந்தது. "யாராவது ஒருத்தர் விவரம் சொல்லுங்க, போட்டுக் காட்டுறேன்" என்றார்.

"வேற யாரு, சார் விவரத்தையே போடுவோம்" என்றார் முதல்வர், மரியாதைக்காக.

"போடுங்க, போடுங்க" என்றார் அவர். ஊரைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.

"அப்பா என்ன பண்ணினாங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். போட்டுக்கொண்டு, "ஆசிரியர்னு போடுங்க" என்றார்.

பொய். அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். கல்யாணச் சமையல் செய்யும் தவசுப்பிள்ளை அவர். அம்பை வட்டாரத்தில் பெரிய கல்யாணம் என்றால் அவர் வந்து அடுப்பு மூட்டினால்தான் சமையல். அவர் ஆக்கிப்போட்ட அண்டாக்களைத்தான் என் அம்மா கழுவினாள். விடிகாலையில் அம்மாவோடு போய்க் கரி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அந்த மனிதர் கரண்டியோடு வந்து, "என்னட்டி வேணும்? சொல்லு" என்பார். பந்திக்கு முன்னால் எங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கல்யாண வீட்டார் முறைத்தாலும், நான் கேட்டது அவியல் என்றால் அவியல்தான் வரும். மகனைப் பற்றிப் பெருமை தாங்காது அவருக்கு. "எம் மவன் புஸ்தகச் சாலையில ஆபீசரு" என்று பாத்திரம் கழுவுகிறவர்களிடம்கூடச் சொல்வார். அந்த மகன் அதே கல்யாணங்களுக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஆசிரியர் மகனுக்கு உரிய பட்டியல் திரையில் இறங்கியது. கல்வி, தத்துவம், நூலகவியல், மொழி என்று பெரிய பெரிய புத்தகங்கள். கார்த்திக் பெருமையாக எங்களைப் பார்த்தார். தவசுப்பிள்ளை என்று போட்டிருந்தால் என்ன இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஊறுகாய்ப் புத்தகம் இறங்கியிருக்கும்.

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வாக்கியம் போதும், அந்த அறையே சிரித்திருக்கும். ஆனால் யாரைப் பார்த்துச் சிரித்திருக்கும்? கரண்டி பிடித்த அந்த மனிதரைப் பார்த்து. ஒருவனை அவமானப்படுத்த அவன் அப்பன் தொழிலை எடுத்து வீசுவதுதானே இவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. அதை நானும் செய்வேனா? மாட்டேன்.

"சார், அந்த அப்பா அம்மா தொழில் கட்டம் எதுக்கு? அத எடுத்துட்டா என்ன?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ மேடையில் சொன்ன பதில் அவரிடம் தயாராக இருந்திருக்கும். அப்படியே என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர் வாயாலேயே ஒப்பித்த என் எண் அவர் தலைக்குள் ஓடியிருக்க வேண்டும். கல்யாண வீடு, பாத்திரம். எந்தக் கல்யாண வீடு, யார் ஆக்கிய பாத்திரம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எடுத்துரலாம்" என்றார்.

கார்த்திக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அதுதானே நம்ம முறைக்கே உயிரு. அத எடுத்தா ஊரையும் தெருவையும் மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது, எல்லாருக்கும் எல்லாப் புத்தகமும் காட்டிருமே."

"காட்டட்டும். காலம் மாறிட்டுல்லா? எடுத்துருங்க தம்பி. அது வேண்டாம்."

கட்டத்தை எடுத்தார்கள். யார் விவரத்தைப் போட்டாலும் நூலகம் முழுவதும் திரையில் வந்தது. அப்படியானால் இந்தச் செயலி எதற்கு என்று குழுவில் ஒருவர் நியாயமாகக் கேட்டார். தேநீர் வந்தது. தேநீர் முடிவதற்குள் விஷயமும் முடிந்துவிட்டது. என் மாணவிகள் தப்பித்தார்கள். ஒரு தலைமுறையே படியேறி வந்து கேட்டும் இறங்காத மனசு, சொந்த அப்பாவை மறைக்க ஒரு நொடியில் இறங்கியது.

அதைவிட வேடிக்கை, எல்லோரும் அவரை மெச்சினார்கள். இந்த வயதில் தன் முறையைத் தானே மாற்றிக்கொள்கிற பக்குவம் யாருக்கு வரும் என்று முதல்வர் நெகிழ்ந்துபோனார். அந்தப் பெருந்தன்மையைப் பற்றியும் மலரில் ஒரு கட்டுரை வரப்போகிறதாம், பழக்கூடைக்காரர்கள் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் நின்றேன். மற்றவர்களை முன்னால் போகவிட்டு அவர் என் பக்கத்தில் வந்தார்.

"அம்மா நல்லா இருக்காளா?"

"இருக்காங்க சார். உங்க அப்பா கையால சாப்பிட்டத இன்னைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அந்த மாதிரி மனுஷன் கிடையாதும்பாங்க."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். வராந்தாவில் காது கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. அது நிச்சயமான பிறகுதான், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.